அதே மருந்து, வேறு மணி நேரம்: கிராஷ்-2 சோதனை பற்றிய நிகழ்வு ஆய்வு

காயம்பட்டு இரத்தம் இழந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றினால், இரத்தப்போக்கால் அவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே மருந்தை அதே அளவில் மூன்று மணி நேரம் கடந்த பிறகு ஏற்றினால் அந்த வாய்ப்பு கூடுகிறது. 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 நோயாளிகளைச் சேர்த்து நடந்த கிராஷ்-2 என்ற சோதனையிலிருந்து இந்த உண்மை வெளிவந்தது. மருந்து உயிர் காக்கிறது என்ற செய்தி 2010 ஜூனில் உலகமெங்கும் பரவியது. எந்த நேரத்துக்குள் கொடுத்தால் காக்கிறது என்ற செய்தி அடுத்த ஆண்டுதான் வந்தது. முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் இந்த இரண்டாவது செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

என் பார்வையில் கிராஷ்-2 நமக்குத் தந்த பெரிய கொடை அந்த இரண்டாவது செய்திதான். சோதனையின் வடிவத்தை ஊன்றிப் பார்த்தால், அந்த உண்மை எப்படிப் பிடிபட்டது என்பதும் புரிகிறது. கேள்வி எளிமையாக இருந்தது. எண்ணிக்கை மிகப் பெரிதாக இருந்தது. மக்கள் உண்மையிலேயே இரத்தம் இழந்து சாகும் ஊர்களில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

உறைவதும் கரைவதும்

இரத்தக் குழாய் கிழிந்ததும் உடல் இரண்டு வேலைகளைத் தொடங்குகிறது. தட்டணுக்கள் கிழிசலில் ஒட்டித் திரள்கின்றன. திராம்பின் என்ற நொதி உருவாகி, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த இழைகள் பின்னிக்கொண்டு உறைகட்டியை நிலைநிறுத்துகின்றன. கட்டி தேவைக்கு மேல் வளர்ந்து நல்ல குழாய்களையும் அடைத்துவிடக் கூடாது என்பதற்காக, அதைக் கரைக்கும் ஏற்பாடும் உடலுக்குள்ளேயே இருக்கிறது. குழாய்ச் சுவரிலிருந்து வெளிப்படும் ஒரு தூண்டுபொருள், பிளாஸ்மினோஜெனைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது. பிளாஸ்மின் ஃபைப்ரின் இழைகளை அறுக்கிறது. நலமாக இருக்கும் உடலில் இந்த இரண்டும் சமன்பட்டு நடக்கின்றன.

பலத்த காயத்தில் இந்தச் சமநிலை குலைகிறது. முன்பெல்லாம் இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் எளிது: மருத்துவமனையில் ஏற்றப்படும் சலைன் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, உடல் குளிர்ந்துபோகிறது, இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, ஆகவே உறைதல் கெடுகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிக் கதைதான். லண்டனின் ராயல் லண்டன் மருத்துவமனையில் கரீம் புரோகியும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு மீதியைக் காட்டியது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் வந்த காயமடைந்தோரில் முழு விவரம் கிடைத்த 1,088 பேரைப் பார்த்தார்கள். 24.4 சதவீதத்தினருக்கு மருத்துவமனைக்குள் நுழையும்போதே இரத்த உறைதல் கெட்டிருந்தது. திரவம் ஏற்றியதைக் கொண்டு மட்டும் அதை விளக்க முடியவில்லை. அவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள். உறைதல் சரியாக இருந்தவர்களில் இறந்தவர்கள் 10.9 சதவீதம்.

அதாவது, கேடு சிகிச்சையில் தொடங்கவில்லை. காயத்திலும் அதிர்ச்சியிலும் தொடங்குகிறது. இரத்த ஓட்டம் குறைந்து திசுக்கள் ஆக்சிஜனுக்கு ஏங்கும்போது உறைதலைத் தடுக்கும் புரதங்கள் செயல்படத் தொடங்குகின்றன. கட்டியைக் கரைக்கும் பொருள் குழாய்ச் சுவரிலிருந்து அளவுக்கு மீறி வெளிப்படுகிறது. கட்டி உருவாகும் வேகத்தைவிடக் கரையும் வேகம் மிஞ்சிவிட்டால் அறுவை மருத்துவரின் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இந்தக் கரைதலைத் தடுத்து நிறுத்த ஒரு மருந்து ஜப்பானில் பல ஆண்டுகளாகவே இருந்தது.

ஒகமோத்தோ தம்பதியின் மருந்து

போருக்குப் பிந்தைய ஜப்பானில் உத்தாக்கோ ஒகமோத்தோவும் அவர் கணவர் ஷோசுக்கே ஒகமோத்தோவும் ஆராய்ச்சிக்குப் பொருள் தேடினார்கள். பணமும் கருவிகளும் இல்லாத காலம். இரத்தத்தை ஆய்வுப் பொருளாகத் தேர்ந்தெடுத்ததற்கு உத்தாக்கோ பின்னாளில் சொன்ன காரணம், மாதிரி போதாவிட்டால் தங்கள் இரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்பது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் கொட்டி இறக்கும் பெண்களைக் காக்க ஒரு மருந்து வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

பிளாஸ்மினோஜென், ஃபைப்ரின் இழையில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது. லைசினைப் போலவே தோற்றம் கொண்ட ஒரு மூலக்கூறு அந்தப் பிடிமான இடங்களை முன்கூட்டியே அடைத்துவிட்டால் பிளாஸ்மினோஜெனால் இழையைப் பற்ற முடியாது, கட்டி தப்பும். முதலில் எப்சிலான் அமினோ கேப்ரோயிக் அமிலம் என்ற மருந்து கிடைத்தது. அதைவிடப் பல மடங்கு வலிமையான டிரனெக்சாமிக் அமிலத்தை 1962இல் அறிவித்தார்கள்.

மருந்து சந்தைக்கு வந்தது. மிகுதியான மாதவிடாய்ப் போக்குக்கும், இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியா உள்ளவர்கள் பல் பிடுங்கும்போதும், பின்னர் இதய அறுவையிலும் பயன்பட்டது. திட்டமிட்ட அறுவைகளில் அதைக் கொடுத்தால் இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பதைப் பல சிறு சோதனைகளின் தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் விபத்தில் அடிபட்டவர்களிடம் யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை. காப்புரிமை முடிந்துபோன, விலை மலிந்த மருந்தைச் சோதிப்பதில் எந்த நிறுவனத்துக்கும் பெரிய இலாபம் இல்லை. உத்தாக்கோ 2016இல், 98 வயதில் காலமானார். தாங்கள் கண்டுபிடித்த மருந்து காயமடைந்தோரைக் காக்கிறது என்பதைப் பார்க்கும் அளவுக்கு அவர் வாழ்ந்தார் என்பது எனக்கு நிறைவளிக்கும் செய்தி.

நம்பிக்கைகள் ஏமாற்றும் துறை

விபத்து மருத்துவத்தில் ஒரு சிகிச்சை பயன்தருகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வது மிகக் கடினம். கிராஷ்-2ஐ நடத்திய லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் குழு இந்தப் பாடத்தை முதல் கிராஷ் சோதனையிலேயே கண்டது. தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது முப்பது ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்பது அதற்குப் பின்னிருந்த நியாயம். 10,008 பேரிடம் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக்காகப் போலி மருந்து, அதாவது மருந்து கலக்காத வெற்றுக் கரைசல், பெற்றவர்களில் 17.9 சதவீதம். நன்மை செய்கிறோம் என்று நம்பிக் கொடுக்கப்பட்ட ஊசி ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. தனித்தனி மருத்துவர் யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தலைக்காயத்தில் ஐந்தில் ஒருவர் எப்படியும் இறக்கும் பிரிவில், கூடுதலாக நூற்றுக்கு மூன்று பேர் இறப்பதை எந்த அனுபவம் உணர்த்தும்?

இரத்தப்போக்கிலும் இதே இக்கட்டு உண்டு. ஈராக் போரின்போது பாக்தாதில் இருந்த அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் பெருமளவு இரத்தம் ஏற்றப்பட்ட 246 பேரின் பதிவுகளைப் பார்த்து 2007இல் ஓர் ஆய்வு வந்தது. சிவப்பணுக்களோடு ஒப்பிடப் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி, குறைவாகப் பெற்றவர்களில் 65 சதவீதம் பேர் இறந்தார்கள். நடுத்தர அளவு பெற்றவர்களில் 34. கிட்டத்தட்ட சம அளவு பெற்றவர்களில் 19. பார்த்த உடனே பிளாஸ்மா உயிர் காக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் உறைநிலையில் வைத்த பிளாஸ்மாவை உருக்கி எடுக்க நேரமாகும். சிவப்பணுக்கள் உடனே கிடைக்கும். முதல் அரை மணியில் இறந்துவிட்டவருக்குப் பிளாஸ்மா வந்து சேர்ந்திருக்கவே முடியாது. அவர் பதிவேட்டில் குறைந்த பிளாஸ்மா பெற்றவராகவே நிற்பார். பிளாஸ்மா கிடைத்ததால் பிழைத்தாரா, பிழைத்திருந்ததால் பிளாஸ்மா கிடைத்ததா என்று பதிவேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தேடியது அமெரிக்காவின் 12 விபத்துச் சிகிச்சை மையங்களில் நடந்த புரோப்பர் சோதனை. 680 பேர், பிளாஸ்மா, தட்டணு, சிவப்பணு மூன்றையும் சம அளவில் ஏற்றுவது ஒரு பிரிவு, சிவப்பணுவை இரட்டிப்பாக்குவது மறு பிரிவு. 2015இல் வந்த முடிவில் 24 மணி நேர இறப்பு சம அளவுப் பிரிவில் 12.7 சதவீதம், மறு பிரிவில் 17 சதவீதம். 30 நாள் இறப்பு 22.4க்கு 26.1. இந்த வேறுபாடு, தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்வதற்கான புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் இரத்தம் வடிந்தே இறந்தவர்கள் 9.2 சதவீதத்துக்கு 14.6 என்ற அளவில் தெளிவாகக் குறைந்தார்கள். நன்மை இருந்தது; 65க்கு 19 என்ற மலைப்பூட்டும் அளவில் இல்லை.

விலை உயர்ந்த மருந்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஹீமோஃபிலியாவுக்காக உருவாக்கப்பட்ட செயற்கை ஏழாம் காரணி என்ற உறைதல் புரதம், போர்க்களங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் இரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கப்பட்டு வந்தது. 1,500 பேருக்கு மேல் சேர்க்கத் திட்டமிட்ட கண்ட்ரோல் என்ற சோதனை, 573 பேரோடு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தொடர்ந்தாலும் இறப்பில் வேறுபாடு தெரிய வழியில்லை என்று ஆனதே காரணம். ஒரு நோயாளிக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் மருந்து இறப்பைக் குறைக்காத அதே காலத்தில்தான், சில டாலர் மருந்து ஒன்று நாற்பது நாடுகளில் அமைதியாகச் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

சோதனை எப்படி நடந்தது

இயன் ராபர்ட்ஸ், ஹலீமா ஷக்கூர் ஆகியோர் முன்னின்று நடத்திய கிராஷ்-2, 2005 மே மாதம் முதல் 2010 ஜனவரி வரை நோயாளிகளைச் சேர்த்தது. பிரிட்டன் அரசின் சுகாதார ஆராய்ச்சி நிதி, இரண்டு அறக்கட்டளைகள், ஃபைசர் நிறுவனம் ஆகியவை செலவைப் பகிர்ந்தன.

சேர்ப்பதற்கான தகுதியைப் பாருங்கள். வயது வந்தவர், காயம்பட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர், மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழ், அல்லது நாடித்துடிப்பு 110க்கு மேல், அல்லது பெரிய இரத்தப்போக்கு நேரும் அபாயம் இருப்பதாக மருத்துவர் கருதுபவர். ஸ்கேன் வேண்டாம். உறைதல் திறனை அளக்கும் கருவி வேண்டாம். இரத்தப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து தேவை என்று மருத்துவர் உறுதியாக நம்பினால் அந்த நோயாளி சோதனைக்கு வெளியே. தேவையில்லை என்று உறுதியாக நம்பினாலும் வெளியே. உண்மையான ஐயம் இருக்கும் இடத்தில் மட்டுமே, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. இந்த விதியில் ஓர் ஒழுக்க நேர்மை இருக்கிறது: தெரிந்த நன்மையை யாருக்கும் மறுக்கவில்லை.

எண்ணிட்ட மூடிய பெட்டிகள் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டன. சிலவற்றில் மருந்து, சிலவற்றில் உப்புக் கரைசல். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. பத்து நிமிடத்தில் ஒரு கிராம், பிறகு எட்டு மணி நேரத்தில் இன்னொரு கிராம். நோயாளி வீடு திரும்பும் நாளிலோ, இறந்த நாளிலோ, 28ஆம் நாளிலோ, எது முதலில் வருகிறதோ அப்போது சில கேள்விகளுக்கு மட்டும் விடை எழுத வேண்டும். நெரிசல் மிகுந்த அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவரால் செய்ய முடிந்த அளவுக்கு வேலையைக் குறைத்திருந்தார்கள். அதன் பலன், 99.6 சதவீத நோயாளிகளின் முடிவு தெரிந்திருந்தது. வசதி மிகுந்த நாடுகளில் நடக்கும் சிறிய சோதனைகள்கூட இந்த அளவை எட்டத் தடுமாறுகின்றன.

இருபதாயிரம் என்ற எண் எப்படி வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. இறப்பு விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அதை 18 ஆகக் குறைக்கும் மருந்தின் பயனைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டுமானால் அத்தனை பேர் வேண்டும். மலிவான, எளிதில் கொடுக்கக்கூடிய மருந்துக்கு நூற்றுக்கு இரண்டு என்பது பெரிய பயன். சில நூறு பேரை மட்டும் சேர்த்திருந்தால் அந்தப் பயன் தற்செயலின் இரைச்சலில் அமிழ்ந்திருக்கும். மருந்து பயனற்றது என்று எழுதி மூடியிருப்பார்கள்.

அதிக நோயாளிகளைச் சேர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கொலம்பியா, ஈக்வடார், நைஜீரியா, எகிப்து போன்ற நாடுகளும் பெரும்பங்கு அளித்தன. சேர்ந்தவர்களில் 84 சதவீதம் பேர் ஆண்கள். சராசரி வயது 35க்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்கினருக்குக் கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு போன்ற துளைக்கும் காயம். மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சாலை விபத்து போன்ற மோதல் காயம். சம்பாதித்துக் குடும்பத்தைக் காக்கும் வயதில் இருந்தவர்களே இவர்கள்.

ஒப்புதல் பற்றிய சிக்கலையும் தள்ளிவிட முடியாது. நினைவிழந்து கிடப்பவரிடம் எப்படிச் சம்மதம் பெறுவது? உறவினர் இருந்தால் அவரிடம் கேட்டார்கள். யாரும் இல்லாவிட்டால், அந்தந்த நாட்டின் நெறிமுறைக் குழு அனுமதித்த வழியில் சேர்த்துவிட்டு, நினைவு திரும்பிய பின் சொன்னார்கள். உறவினரின் கையெழுத்துக்காகக் காத்திருப்பது சில இடங்களில் மருந்தைத் தாமதப்படுத்தியது. அந்தத் தாமதம் மருந்தின் பயனை எவ்வளவு தேய்த்தது என்பதையே அந்தக் குழு பின்னர் தனிக் கட்டுரையாகக் கணக்கிட்டு எழுதியது. நோயாளியின் உரிமையைக் காக்க எழுந்த ஒரு சடங்கு அவரது உயிர் வாய்ப்பைக் குறைக்குமானால் அதன் வடிவத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற அவர்களின் வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு.

முடிவுகள்

மருந்து பெற்றவர்களில் 1,463 பேர் இறந்தார்கள், அதாவது 14.5 சதவீதம். போலி மருந்து பெற்றவர்களில் 1,613 பேர், 16 சதவீதம். இரத்தப்போக்கால் மட்டும் இறந்தவர்கள் 489க்கு 574. சதவீதக் கணக்கில் 4.9க்கு 5.7. எல்லாரும் அஞ்சியது வேறொன்றை: கட்டி கரைவதைத் தடுத்தால் மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் அடைப்பு கூடுமே என்று. அவை கூடவில்லை. குழாய் அடைப்பு நிகழ்வுகள் மருந்துப் பிரிவில் 1.7 சதவீதம், மறு பிரிவில் 2.

ஒன்றரை சதவீதம் என்றால் சுமார் 67 பேருக்குக் கொடுத்து ஓர் உயிரைக் காப்பது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இந்த 67 பேரில் பலர் இரத்தப்போக்கால் இறக்கும் நிலையில் இருந்தவர்களே இல்லை; தலைக்காயத்தால் இறந்தவர்களும், எப்படியும் பிழைத்திருக்கக் கூடியவர்களும் அதில் அடக்கம். ஓர் ஆயுள் ஆண்டைக் காக்க ஆகும் செலவை 2011இல் கணக்கிட்டார்கள்: தான்சானியாவில் 48 டாலர், இந்தியாவில் 66, பிரிட்டனில் 64. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் காயமடைந்தோருக்கான இன்றியமையா மருந்துகளில் இதைச் சேர்த்தது.

பிறகுதான் நேரம் பற்றிய பகுப்பாய்வு வந்தது. இரத்தப்போக்கால் இறந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, காயத்துக்கும் மருந்துக்கும் இடையிலான நேரத்தின்படி பிரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள்: மருந்துப் பிரிவில் 5.3 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 7.7. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள்: 4.8க்கு 6.1. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு: 4.4க்கு 3.1. கடைசி வரிசையில் எண்கள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். நல்ல மருந்து, தாமதித்துக் கொடுத்தால் பயன் குறையும் என்று எல்லாரும் எதிர்பார்க்கலாம். தாமதித்தால் தீங்காகும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பகுப்பாய்வை ஐயத்தோடு அணுகியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பைத்தான் சோதனையின் முதன்மை அளவாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அந்த அளவில் நேரப் பிரிவுகளுக்கிடையே தெளிவான வேறுபாடு இல்லை. இரத்தப்போக்கு இறப்புகளை மட்டும் பிரித்துப் பார்த்தது பின்னர் செய்த தேடல். பின்னோக்கித் தேடினால் எந்தத் தரவிலும் ஏதாவது ஒரு வடிவம் தென்படும். ஆனால் இங்கே வேறுபாட்டின் வலிமை மிகப் பெரிது. தற்செயலாக நேர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. தவிர, மருந்து இரத்தப்போக்கில்தான் வேலை செய்கிறது என்றால், இரத்தப்போக்கு இறப்பில் அதன் நேரத் தன்மையைத் தேடுவது நியாயமான தேடல்தான்.

ஏன் தீங்காகிறது? எலிகளில் செய்த ஆய்வுகள் ஒரு விடையைத் தருகின்றன. காயம்பட்ட உடனே குழாய்ச் சுவரிலிருந்து வெளிப்படும் தூண்டுபொருள் ஒன்று. சில மணி நேரம் கழித்து மேலோங்கும் தூண்டுபொருள் வேறொன்று. முதலாவது ஃபைப்ரின் இழையின் மேல் அமர்ந்து செயல்படுகிறது; டிரனெக்சாமிக் அமிலம் அதைத் தடுக்கிறது. இரண்டாவதற்கு ஃபைப்ரின் தேவையில்லை. மருந்து இருக்கும்போது பிளாஸ்மின் உருவாவது கூடவும் செய்யலாம். அமெரிக்காவில் டென்வர் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: பலத்த காயமடைந்தவர்களில் பலருக்கு, கரைதல் பெருகுவதற்கு மாறாக, சில மணி நேரத்தில் அது அறவே நின்றுபோகிறது. அந்த நிலையில் கரைதலைத் தடுக்கும் மருந்து எதற்கு? மனிதரில் எது முதன்மைக் காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

எதிர்வாதங்கள்

கிராஷ்-2 மீது எழுந்த விமர்சனங்களில் வலுவானது இதுதான்: உறைதலை அளக்கவே இல்லை. யாருக்குக் கரைதல் மிகுந்திருந்தது, யாருக்கு இல்லை என்று தெரியாமல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் இரத்தம் ஏற்றும் தேவையே வந்தது. இரு பிரிவுகளிலும் ஏற்றிய இரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. இரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து ஏன் இரத்தத் தேவையைக் குறைக்கவில்லை? இதற்கு ஒரு விளக்கம் உண்டு: முன்பு இறந்திருக்கக் கூடியவர்கள் இப்போது பிழைத்திருந்து இரத்தம் பெறுகிறார்கள். இது பொருத்தமானதே என்றாலும் நிறுவப்பட்டது அல்ல.

இரண்டாவது குறை, முன்னேறிய ஆம்புலன்ஸ் வசதியும் தாராளமான பிளாஸ்மாவும் உள்ள நாடுகளுக்கு இது பொருந்துமா என்பது. ஆப்கானிஸ்தானில் காம்ப் பாஸ்டியனின் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனைப் பதிவுகள் 2012இல் வந்தன. மருந்து பெற்றவர்களில் 17.4 சதவீதமும் பெறாதவர்களில் 23.9 சதவீதமும் இறந்தார்கள். பதிவேட்டுச் சான்று என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் உண்டு. இன்னும் நேரடியான விடை 2023இல் பேட்ச் சோதனையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் 1,310 பேருக்கு, மருத்துவமனையை அடையும் முன்பே மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறு மாதம் கழித்து நல்ல செயல்திறனோடு உயிர் வாழ்ந்தவர்கள் 53.7 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 53.5. முதன்மை அளவில் வேறுபாடு இல்லை. 28 நாள் இறப்போ 17.3க்கு 21.8.

பேட்சின் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தவர்கள் பிளவுபட்டார்கள். பிழைத்தவர்களில் சிலர் கடும் இயலாமையோடு வாழ்கிறார்கள், ஆகவே மருந்தால் என்ன பயன் என்று ஒரு பக்கம். இறப்பு குறைந்தது மீண்டும் உறுதியாயிற்று என்று மறு பக்கம். இந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் மிகக் கடும் காயம் பட்டவர்கள். தலைக்காயம் உள்ளவர்கள் நிறையப் பேர். இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து நசுங்கிய மூளையைச் சீராக்கும் என்று யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருப்பதா வேண்டாமா என்பதை அந்த நோயாளிகளின் இடத்திலிருந்து நாம் தீர்மானிக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஆனால் பிழைப்பவருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை கிடைக்காவிட்டால் குடும்பம் சுமக்கும் பாரத்தை பேட்ச் முடிவு முகத்துக்கு நேரே காட்டுகிறது என்பதை மறுக்கவில்லை.

கிளைத்த சோதனைகள்

ஒகமோத்தோ தம்பதி முதலில் எண்ணிய நோக்கத்துக்குத் திரும்பிய சோதனை வுமன். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு கண்ட 20,060 பெண்கள், 21 நாடுகள், 2017. இரத்தப்போக்கு இறப்பு 1.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆனது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் 1.7இலிருந்து 1.2. அதற்குப் பிறகு கொடுத்தபோது பயன் தென்படவில்லை. வேறு உடல் நிலை, வேறு காரணம், அதே கடிகாரம். கிராஷ்-2இன் நேரப் பகுப்பாய்வு தற்செயல் என்று சொன்னவர்களுக்கு இதைவிட வலுவான விடை இருக்க முடியாது. இரண்டு சோதனைகளின் 40,138 பேரையும் ஒன்றாக்கி 2018இல் பார்த்தபோது, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பயன் ஏறத்தாழ பத்து சதவீதம் தேய்வது தெரிந்தது.

தலைக்காயத்துக்கான கிராஷ்-3 நடந்துகொண்டிருக்கும்போதே அதன் விதி மாற்றப்பட்டது: எட்டு மணி நேரம் என்றிருந்த எல்லையை மூன்றாகக் குறைத்தார்கள். 2019இல் வந்த முடிவில், மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே தலைக்காய இறப்பு 18.5க்கு 19.8, புள்ளியியல் எல்லையைத் தொடாத வேறுபாடு. மிதமான காயமுள்ளவர்களில் பயன் தெரிந்தது, மிகக் கடுமையான காயத்தில் தெரியவில்லை.

தோல்வியையும் சொல்ல வேண்டும். வயிறு, குடல் இரத்தப்போக்குக்கு இதே மருந்தைக் கூடுதல் அளவில், 24 மணி நேரம் ஏற்றிப் பார்த்த ஹால்ட்-இட் சோதனை 2020இல் வந்தது. 12,009 பேர். இறப்பில் எந்த வேறுபாடும் இல்லை. சிரைகளில் இரத்தக் கட்டி அடைப்பது 0.4 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. அந்த நோயாளிகளில் பலர் இரத்தம் கசியத் தொடங்கி நெடுநேரம் கழித்தே மருத்துவமனைக்கு வந்தவர்கள். மருந்து நல்லது என்பதற்காக எல்லா இரத்தப்போக்குக்கும் அள்ளிக் கொடுக்கக் கூடாது என்று அதே குழு, தன் மருந்தைப் பற்றியே, தயங்காமல் எழுதியது.

மூன்று மணி நேரம் எங்கே போகிறது

காயமடைந்தோருக்கு மூன்று மணி நேரத்துக்குள் இந்த மருந்து எங்கும் கிடைத்தால் உலகில் ஆண்டுக்கு 1,12,000 இறப்புகளைத் தவிர்க்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1,28,000 என்று 2012இல் ஒரு மதிப்பீடு வந்தது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். எல்லாரும் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் அல்லர். ஆனால் விபத்து நடந்த இடத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து வட்டார மருத்துவமனை, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி என்று ஒருவரைக் கைமாற்றி அனுப்பும்போது மூன்று மணி நேரம் எவ்வளவு எளிதில் தீர்ந்துபோகிறது என்பதை இந்த ஊரில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பணமில்லை என்று வாசலில் நிற்கும் தடையை அது நீக்குகிறது. இரத்தப்போக்கைப் பொறுத்தவரை தீர்ப்பு அந்த 48இன் முதல் மூன்று மணி நேரத்திலேயே எழுதப்படுகிறது. ஆகவே மருந்து கடைசியாகப் போய்ச் சேரும் பெரிய மருத்துவமனையில் இருந்தால் போதாது. முதலில் தொடும் இடத்தில் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர்களே இதைக் கொடுக்கிறார்கள். அங்கும் குறை உண்டு: ஒரே அளவு அபாயத்தில் இருக்கும்போதும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த மருந்து குறைவாகவே கொடுக்கப்படுகிறது என்பதை அந்நாட்டின் விபத்துப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் 2022இல் வெளிக்கொணர்ந்தார்கள். மருந்து இரு பாலருக்கும் ஒரே அளவில் பயன் தருகிறது என்பதையும் சோதனைத் தரவிலிருந்தே அவர்கள் காட்டினார்கள். கடுமையாக அடிபட்டவர் என்றாலே இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்யும் பழக்கம், ஆம்புலன்ஸுக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

நரம்பு கண்டுபிடித்து டிரிப் போடுவது இருட்டில், சாலையோரத்தில், இரத்த அழுத்தம் விழுந்த உடலில் எளிதல்ல. தசையில் ஊசி போட்டால் போதுமா என்பது அடுத்த கேள்வி. பிரிட்டனில் இரத்தம் இழந்துகொண்டிருந்த 30 நோயாளிகளிடம் 2021இல் இதை அளந்தார்கள். அதிர்ச்சி நிலையில் தசையிலிருந்து மருந்து இரத்தத்தில் கலக்காது என்ற பழைய கருத்து பொய்த்தது: ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற செறிவை நான்கு நிமிடத்திலும், 10 மில்லிகிராமை பதினொரு நிமிடத்திலும் எட்டியது. அளந்தது செறிவை மட்டும்தான். தசை ஊசி உயிர் காக்கிறதா என்பதற்கு மீண்டும் ஆயிரக்கணக்கானோர் வேண்டும். பிரசவ இரத்தப்போக்கிலும், தலையில் இலேசாக அடிபட்ட முதியவர்களிடமும் அந்தப் பெரிய சோதனைகளை அதே லண்டன் குழு தொடங்கியது.